வலது உள்ளங்கை

பதினோரு ஆண்டுகள் அவள் பின்னால் ஓடினேன்.
ஓனோமேயின் முகம் எப்படி என்று கேட்பவர்கள்
வேறு யாரிடமாவது கேட்கட்டும்.
எனக்குத் தெரிந்தது அந்தக் கை.

நான் இரண்டாவது; நேர்த்தடம் என்னுடையது.
அவள் மூன்றாவது; வளைவு அவளுடையது.
துப்பாக்கிச் சத்தத்தை ஃபோலாசாடே வாங்கிக்கொள்வாள்,
முடிவுக்கோட்டையும் புகைப்படத்தையும் நெங்கி.
இடையில் நாங்கள் இருவர்,
தடி சுமக்கும் கூலிகள்.

தரையில் ஒட்டிய நாடாவை நான் மிதித்ததும்
அவள் புறப்படுவாள். திரும்பிப் பார்க்கமாட்டாள்.
'கை!' என்று கத்துவேன்.
வலது கை பின்னால் வரும்,
மின்சாரம் போன வீட்டில்
சுவரைத் தேடுவதுபோல.

முதல் வருடம் சபேலேயிலிருந்து வந்த கை:
மரவள்ளி துருவும் தகரம் கிழித்த மூன்று கோடு,
கட்டைவிரலுக்குக் கீழே.
செம்மண்ணில் சாம்பல் தூவிய தடங்களில் ஓடியவள்
ரபாத்தின் நீலத் தளத்தைக் குனிந்து முகர்ந்தாள்.
'எங்கள் ஊர் மரத்துப் பாலா இது?' என்றாள்.
அன்று அரையிறுதியோடு திரும்பினோம்.

இன்னொரு வருடம் பேனா மையில் ஏழு இலக்கம்:
லாகோசில் விசா வரிசையின் எண்,
வியர்வையில் பாதி கரைந்து, என் தடியில் ஒட்டியது.

ஒரு வருடம் மோதிரம்.
தடி பட்டதும் டங்கென்றது.
அடுத்த வருடம்
மோதிரம் இருந்த இடத்தில் வெளிறிய வளையம்.
தடி சத்தமில்லாமல் போனது.
நான் கேட்கவில்லை.

வளைகுடா நாடொன்று
கடவுச்சீட்டும் மாதச் சம்பளமும் நீட்டியபோது
அந்தக் கை மேசைக்கு அடியில் இரண்டு மணி நேரம் இருந்தது.
பிறகு தேநீர்க் கோப்பையை மட்டும் எடுத்தது.
எங்கள் படிக்காசோ
அபுஜாவில் ஏதோ ஒரு கோப்பில்
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, எங்களைவிட மெதுவாக.

வெண்கலம் ஒருமுறை.
மேடையில் பக்கத்தில் நின்றபோதுதான்
அவளுக்கு மேலுதட்டில் மச்சம் உண்டென்று கண்டேன்.
அவளோ பாதியில் சிக்கிய கொடிக்கயிற்றைப் பார்த்து
சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த இறுதிப்போட்டி. மழை.
நீங்கள் பார்த்திருப்பீர்கள்,
எல்லாத் தொலைக்காட்சியும் மெதுவாகக் காட்டியது:
நீட்டிய கை, விழும் தடி,
புல்வரை உருண்டு போவது.
'ஓனோமே தவறவிட்டாள்' என்று எழுதினார்கள்.

படத்தில் ஒலி இல்லை.
இருந்தால் தெரிந்திருக்கும்
நான் கத்தவே இல்லை என்று.
வாய் திறந்தது, காற்று மட்டும் வந்தது.
அவள் தானாகவே எண்ணிக்கொண்டு கை நீட்டினாள்.
கை அங்கே இருந்தது.
நான்தான் வந்துசேரவில்லை.

அவள் தடியை எடுத்துத் துடைத்து
வளைவு முழுவதும் நடந்தாள்.
நெங்கியிடம் கொடுத்தாள்.
அப்போது தடத்தில் யாரும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

விசாரணையில் நான்கு நாற்காலி, ஒரு மின்விசிறி.
தவறு யாருடையது என்று கேட்டார்கள்.
உர்ஹோபோவில் அவள் பெயருக்கு
'இது என்னுடையது' என்று பொருள்.
அவள் தன் பெயரையே பதிலாகச் சொன்னாள்.
எழுதுபவர், பெயர் ஏற்கெனவே இருக்கிறது,
பதிலைச் சொல்லுங்கள் என்றார்.
நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சுங்கத்துறையில் முத்திரை குத்துகிறாளாம்.
நான் ஊயோவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு
நாடா ஒட்டக் கற்றுத்தருகிறேன்;
கத்தச் சொல்லித்தருகிறேன், அதிகமாகவே.

போன ஜூலை வாரி சந்தையில்
எனக்கு முன்னே ஒரு முதுகு.
கழுத்து எனக்குத் தெரியாதா?
மக்காச்சோளம் சுட்டு விற்கும் புகைக்கு நடுவே
அவள் யாருக்கோ காத்து நின்றாள்.
என் இடது கையில், செய்தித்தாள் சுற்றி,
ஒரு சூடான கதிர்.
சரியான கனம். கிட்டத்தட்ட சரியான நீளம்.

வாய் திறந்தேன்.

அவள் வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது,
விரல்கள் கொஞ்சம் விரிந்து.